கதை கேட்கும் பணம்

1

2023 செப்டம்பர் நடுவில் ஒரு நாள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் மாதப் பணம் கணக்குகளில் வரவாகியிருந்தது. நான் வேலை பார்க்கும் கிளையில் கதவு திறப்பதற்கு முன்பே வராந்தா நிறைந்துவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் பணம் எடுக்க வரவில்லை. வந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள். செல்போனில் வந்த குறுஞ்செய்தி அவர்களுக்குப் போதவில்லை. பாஸ்புக்கில் அச்சாகி விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. இந்த அவநம்பிக்கையில் எனக்கு மரியாதை உண்டு.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் பாஸ்புக்கை நீட்டினார். அச்சடித்தேன். 1000 ரூபாய் வரவு. அடுத்த வரியிலேயே அதில் பெரும்பகுதி பற்று. குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான கட்டணம், பல வருஷங்களாகச் சேர்ந்து நின்றது. கணக்கு காலியாகக் கிடந்தவரை பிடிக்க எதுவும் இல்லை. பணம் வந்ததும் பிடிபட்டுவிட்டது.

"யாரு தம்பி எடுத்தா?"

"கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சும்மா. தானா எடுத்துக்கும்."

இதைச் சொல்லிவிட்டு அடுத்த பாஸ்புக்கை வாங்கினேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் எடுத்தது என்பது நிஜம். ஆனால் ஒருவர் கையிலிருந்து பணம் போய், எடுத்தவர் என்று யாருமே இல்லாமல் போவது எப்படி?

பல ஊர்களில் பல வங்கிகளில் இப்படி நடந்திருந்தது. உரிமைத் தொகையிலிருந்து எந்தக் கட்டணமும் பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளை எச்சரித்தார். எங்கள் கிளையிலும் பிடித்த தொகைகளைத் திருப்பி வரவு வைத்தோம். விஷயம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு முடியவில்லை. அந்த ஆயிரம் ரூபாய் என்ன பணம்? பிச்சையா, கூலியா, பங்கா? கடன்காரனுக்கு ஈடாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய பணமா, கூடாத பணமா? கொடுத்தவர்களுக்கும் வாங்கியவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது தெளிவாக இருந்திருந்தால் அப்படி ஒரு பதிலைச் சொல்லியிருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது.

2

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் வந்தது. 1975இல் ஆதரவற்ற விதவைகளுக்கு ஓய்வூதியம். 1986இல் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு. 2008இல் ஐம்பது வயது தாண்டியும் மணமாகாத ஏழைப் பெண்களுக்கு. இந்தப் பட்டியலை ஒரு முறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். செத்துப்போன ஆண், விட்டுப்போன ஆண், வராமலே போன ஆண். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஆண் இல்லாமல் போவதற்கு எத்தனை வழிகள் உண்டோ அத்தனையையும் அரசு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் அச்சிட்டிருக்கிறது. பெண் இருக்கிறாள் என்பதற்காக ஒரு திட்டம் வர 2023 ஆயிற்று.

இந்தத் திட்டங்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. 1975இல் ஒரு விதவையின் பெயருக்கு மாதாமாதம் பணம் வந்தது என்றால் அந்த வீட்டில் அவளுடைய தட்டில் சோறு விழுந்தது என்று அர்த்தம். தொகை சிறியது. 2011இல்தான் 500 ரூபாய் 1000 ஆனது, 2023இல் 1200. மத்திய அரசின் பங்கைச் சொல்லவே வேண்டாம். 1995இல் முதியோருக்கு 75 ரூபாயில் தொடங்கி, 2007க்குள் 200 ஆகி, எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பதினைந்து வருஷம் கழித்தும் அதே 200ல் நின்றது. இருந்தாலும் தொகையைப் பற்றிப் பேசப் பொருளாதாரம் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் பேச நினைப்பது அதைப் பெறுவதற்காக ஒரு பெண் சொல்ல வேண்டியிருந்த கதையைப் பற்றி.

கைவிடப்பட்டவர்களுக்கான திட்டத்தில் ஒரு விதி: கணவன் விட்டுப்போய்க் குறைந்தது ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும்; அல்லது சட்டப்படி பிரிந்ததற்கு நீதிமன்றச் சான்று வேண்டும். ஒருமுறை இந்தப் படிவத்தை நிரப்பித் தரச்சொல்லி ஒரு பெண் என்னிடம் வந்தார். வங்கிக் குமாஸ்தா என்றால் எல்லாப் படிவமும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. எத்தனை வருஷமாச்சும்மா விட்டுப்போயி என்று கேட்டேன். "போறதும் வர்றதுமாத்தான் இருக்காரு" என்றார். கடைசியாக எப்போது வந்தார்? போன வருஷம் ஆடியில் வந்து ரெண்டு நாள் இருந்துவிட்டுக் கம்மலை வாங்கிக்கொண்டு போனாராம்.

அந்த இரண்டு நாளை எங்கே எழுதுவது? எழுதினால் ஐந்து வருஷக் கணக்கு திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். எழுதாவிட்டால் பொய். அரசு கேட்பது சுத்தமான ஒரு பிரிவு. வாழ்க்கையில் அது யாருக்கும் லேசில் கிடைப்பதில்லை. படிவத்துக்குப் பொருந்த வேண்டுமானால் அவர் தன் வாழ்க்கையைத் திருத்திச் சொல்ல வேண்டும். திருத்திச் சொன்னதைக் கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார். வருவாய் ஆய்வாளர் விசாரிப்பார். தாசில்தார் அலுவலகத்தில் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டிலும் கேட்பார்கள். தன்னை விட்டு ஒருவன் போய்விட்டான் என்பதை ஒரு பெண் நாலு ஆண்களிடம் நாலு தடவை சொல்லி, அவர்கள் நம்பும்படி சொல்லி, கையெழுத்து வாங்க வேண்டும். விதவை ஓய்வூதியத்தில் இன்னொரு நுட்பம்: மறுமணம் செய்துகொண்டால் பணம் நின்றுவிடும். ஒரு ஆள் வந்தான், ஆகவே அரசு விலகிக்கொள்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் என் அம்மாவை வைத்துப் பார்க்கிறேன். அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து இறந்தார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், அதன்மேல் அகவிலைப்படி. அம்மா ஆதரவற்றவள் அல்ல. வேலையில் இருக்கும் மகனோடு இருக்கிறாள். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மகன் கவனிக்கிறானா, சொத்து எவ்வளவு, பக்கத்து வீட்டில் என்ன சொல்கிறார்கள் – எதுவும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை நேர்காணல். உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கிறார்கள். இருக்கிறாள். அவ்வளவுதான்.

ஓய்வூதியம் அரசு பார்த்துப் போடும் பிச்சை அல்ல, செய்த வேலைக்குரிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982இல் நகாரா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. டிசம்பர் 17ஐ ஓய்வூதியர்கள் இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். நியாயமான தீர்ப்பு. ஆனால் உரிமைக்கு அது காட்டும் ஆதாரம் செய்த வேலை. எந்த வேலை? பதிவேட்டில் ஏறிய வேலை. அப்பா அலுவலகத்தில் செய்தது ஏறியது. அப்பாவுக்குக் காலையில் ஏழு மணிக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்தது ஏறவில்லை. அம்மாவுக்கு வரும் பணத்தையும் அம்மா "அவர் பணம்" என்றுதான் சொல்கிறாள். அப்பா போய் இத்தனை வருஷம் கழித்தும் பணம் அவருடையது.

3

அப்படியானால் வீட்டு வேலையைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் போதுமே என்று தோன்றும். ஏற்றியிருக்கிறார்கள், ஒரு இடத்தில் மட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் இழப்பீட்டு அட்டவணையில், சம்பாதிக்காத மனைவி விபத்தில் இறந்தால் அவளுடைய வருமானத்தைச் சம்பாதிக்கும் கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்கிடும் முறை 1994இல் வந்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளிகள், சிறைக்கைதிகளோடு ஒரே வகையில், வேலை செய்யாதவர்கள் என்று போட்டிருந்ததையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. 2021 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு, வீட்டு வேலைக்குப் பண மதிப்பு உண்டு என்று திரும்பவும் வலியுறுத்தியது.

ஆக, ஒரு குடும்பப் பெண்ணின் உழைப்புக்கு விலை உண்டு என்று அரசமைப்பு ஒப்புக்கொள்கிறது. ஆனால் அவள் லாரியில் அடிபட்டுச் சாக வேண்டும். பணமும் அவள் கைக்கு வராது; அவளை இழந்தவர்களுக்குப் போகும்.

உயிரோடு இருக்கும்போது? 2019இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஆண்களுக்கு 97 நிமிஷம். வங்கியில் என் வேலை நேரத்துக்கும் அந்த 299 நிமிஷத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு.

இதற்குச் சம்பளம் கேட்டு ஒரு இயக்கமே 1972இல் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் தொடங்கி நடந்தது. மரியரோசா தல்லா கோஸ்தா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரீச்சி முதலியவர்கள் அதில் முக்கியமானவர்கள். அவர்கள் கேட்டதில் ஒரு தந்திரம் இருந்தது. சம்பளம் கிடைக்கும் என்பதைவிட, சம்பளம் கேட்டால்தான் இது வேலை என்று தெரியும், வேலை என்று தெரிந்தால்தான் மாட்டேன் என்று சொல்ல முடியும் என்பது ஃபெடரீச்சியின் வாதம். எதிர்வாதமும் பலமானது: கூலி கொடுத்துவிட்டால் அடுப்படி அவளுக்கே பட்டா போட்டதாகிவிடும். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் வேலையை ஆதாரமாக வைத்தால் வேறொரு சங்கடம். அளக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவளுக்கு என்ன? தள்ளாத வயதில் அடுப்பைவிட்டு இறங்கியவளுக்கு என்ன? அவர்களும் ஒரு கதை சொல்லியாக வேண்டும். இம்முறை உழைத்த கதை.

4

ஆங்கில இலக்கியம் படித்தவன் என்பதால் ஒரு இங்கிலாந்துக்காரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. நாவலாசிரியை இல்லை. எலினார் ராத்போன். 1924இல் வாரிசுரிமை மறுக்கப்பட்ட குடும்பத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கூலி என்பது ஒரு ஆணுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் அதிலிருந்து எத்தனை வாய் சாப்பிட வேண்டும் என்பது கூலியைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே பிள்ளைகளுக்கான பணத்தை அரசு தனியாகக் கொடுக்க வேண்டும், அதையும் தாயின் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1942இல் அறிக்கை எழுதிப் புகழ்பெற்ற பெவரிட்ஜ் இந்தப் புத்தகத்தால் மனம் மாறியவர்.

1945இல் குடும்பப்படிச் சட்டம் மசோதாவாக வந்தபோது பணம் தகப்பனுக்கு என்று போட்டிருந்தார்கள். ராத்போனுக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். இருபது வருஷமாக எதற்குப் போராடினாரோ அந்த மசோதாவையே எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்றார். தாயின் கைக்கு என்று மாற்றினார்கள். முதல் பிள்ளை தவிர்த்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங். 1946 ஆகஸ்டில் பணம் வரத் தொடங்கியது. ராத்போன் அந்த ஜனவரியில் இறந்துவிட்டார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது தாயின் கை மட்டுமல்ல. அந்தத் தாய் ஏழையா, நல்லவளா, புருஷன் இருக்கிறானா என்று சட்டம் கேட்கவில்லை. அதே நாட்டில் 1908இல் முதல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது எழுபது வயதானால் மட்டும் போதவில்லை. வருமானத்தைப் பார்த்தார்கள். வேலை செய்யாமல் திரிந்தவனா, சிறைக்குப் போனவனா என்று நடத்தையையும் பார்த்தார்கள். நாற்பது வருஷத்துக்குள் ஒரு பணமாவது நடத்தைச் சான்றிதழ் கேட்காத பணமாக மாறியது.

ஆனால் இதே ராத்போனுக்கு இன்னொரு முகம் உண்டு. இந்தியப் பெண்களின் நிலைமையைப் பற்றி 1929இல் லண்டனில் ஒரு மாநாடு கூட்டினார். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவரான தன்வந்தி ராமராவ் அந்தக் கூட்டத்தில் எழுந்து, எங்களைப் பற்றிப் பேச நீங்கள் யார் என்ற தோரணையில் ஆட்சேபித்தார். 1941இல் ராத்போன் இந்தியர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியபோது பதில் கொடுத்தது சாகக் கிடந்த தாகூர். தன் நாட்டுத் தாயிடம் கதை கேட்காமல் பணம் கொடுக்க வேண்டும் என்றவர், நம் நாட்டுப் பெண்களிடம் துயரக் கதையை மட்டுமே கேட்டார். இதை ராத்போனின் குற்றமாக மட்டும் சொல்லவில்லை. நமக்கு நெருக்கமானவர்களின் உரிமை நமக்கு உடனே புரிகிறது. தூரத்தில் உள்ளவர்களிடம் இரக்கப்படுவதற்குக்கூடக் காரணம் கேட்கிறோம். தாசில்தார் அலுவலகத்துக்கும் விண்ணப்பிக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ளதும் இந்தத் தூரம்தான்.

5

2023இல் திட்டத்துக்கு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். உதவித் தொகை என்று வைக்கவில்லை. பெண்களின் கூலியில்லா உழைப்புக்கு அங்கீகாரம் என்று விளக்கமும் சொன்னார்கள். தமிழில் ஒரு அரசாங்கம் சொல்லைத் தேர்ந்தெடுத்ததில் இவ்வளவு சரியாக நடந்தது அபூர்வம். ஆனால் படிவத்தைப் பார்த்தால்: குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நிலம் நஞ்சை 5 ஏக்கர், புஞ்சை 10 ஏக்கருக்குள், வருஷத்துக்கு மின்சாரம் 3600 யூனிட்டுக்குள். முதல் சுற்றில் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்து 1 கோடியே 6 லட்சம் பேருக்குக் கிடைத்தது. மின்மீட்டர் ஓடினால் குறைந்துபோகும் உரிமை என்ன உரிமை?

என் மனைவி விண்ணப்பிக்க முடியாது. வங்கி ஊழியர் குடும்பத்துக்கு இல்லை என்று விதி. அந்த ஆயிரம் ரூபாய் எங்களுக்கு அவசியம் என்று நான் சொல்லவில்லை. தர்க்கத்தைப் பாருங்கள். பணம் வீட்டு வேலைக்கான அங்கீகாரம் என்றால் அவளும் அந்த வேலையைத்தான் செய்கிறாள். என் சம்பளம் அவளுடைய வேலையை இல்லாமலாக்கிவிட்டது. பழைய திட்டங்களில் ஆண் இல்லாததால் பெண் தகுதி பெற்றாள். புதியதில் ஆண் இருப்பதால் தகுதி இழக்கிறாள். இரண்டிலும் அவளைப் பார்க்க அவனைத்தான் பார்க்கிறார்கள்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நேர்மையானது. ஒரு கோடிப் பேருக்கு மாதம் ஆயிரம் என்றால் வருஷத்துக்கு 12,000 கோடி. எல்லோருக்கும் கொடுத்தால் ஏழைக்குக் குறையும் என்பதை நான் லேசாக ஒதுக்கவில்லை. கணக்கு எழுதிச் சாப்பிடுகிறவன் நான். இது ஓட்டுக்குப் போடும் பணம் என்ற ஏளனத்தை மட்டும் ஒதுக்குகிறேன். ஓட்டுக்காகப் பாலம் கட்டினால் பாலம் பொய்யாகிவிடாது.

வரம்பு வேண்டும் என்றால் இருக்கட்டும். நிரூபிக்கும் சுமை யாருடையது என்பதை மாற்ற முடியும். மின் கணக்கு அரசிடம் இருக்கிறது. நிலப் பதிவேடு அரசிடம் இருக்கிறது. வருமான வரிக் கணக்கும் இறப்புப் பதிவும்கூட அரசு அலுவலகங்களில்தான் இருக்கின்றன. அப்படியிருக்க அவள் ஏன் அலைய வேண்டும்? வயது வந்தால் பணம் வரும். இவளுக்குக் கூடாது என்றால் ஏன் கூடாது என்று அரசு எழுதி அனுப்பட்டும். கதையை அரசு சொல்லட்டும். மறுமணத்தால் பணம் நிற்கும் விதி போகட்டும். ஐந்து வருஷக் கணக்கு போகட்டும். அம்மாவிடம் கேட்கிற ஒரே கேள்வியை, உயிரோடு இருக்கிறாயா என்பதை, மற்றவர்களிடமும் கேட்டால் போதும்.

இன்னொன்று. 1871ஆம் வருஷத்து ஓய்வூதியச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்டது. அரசு கொடுக்கும் ஓய்வூதியத்தை, கருணைப்படியையும் சேர்த்துத்தான், கடன்காரன் நீதிமன்றத்தின் மூலம் ஜப்தி செய்ய முடியாது என்கிறது. அந்தக் காலத்திலேயே சிலவகைப் பணத்தைக் கடன் தொடக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் தடுத்தது நீதிமன்றத்தை. எங்கள் கிளையில் இருந்தது கம்ப்யூட்டர்.

6

இந்தப் பத்திரிகையில் ஓய்வூதியத்தைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம்மைப் பற்றியது என்பதால்தான்.

தமிழ்ச் சிறுகதை தோன்றிய நாளிலிருந்து விதவையை, கைவிடப்பட்டவளை, மணமாகாமல் நின்றவளை எழுதிவந்திருக்கிறது. 1975, 1986, 2008 என்று அரசு வகைபிரித்தது பிற்பாடு. நாம் அதற்கு வெகுகாலம் முன்பே அதே வகைகளைப் பிரித்துவிட்டோம். அவள் கஷ்டத்தை நமக்குத் திருப்தி ஏற்படும் அளவுக்கு நிரூபித்தால் அவளுக்கு நம் இரக்கத்தைக் கொடுத்தோம். கொஞ்சம் அலங்காரம் செய்துகொண்டால், சிரித்தால், மறுபடி ஒருவனோடு போனால் கதை அவளைச் சந்தேகித்தது. அல்லது அதையே இன்னொரு துயரமாக்கி இரக்கத்தை நீட்டித்தது. சும்மா இருக்கிற ஒரு பெண்ணை, எந்த இழப்பையும் நமக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாதவளை, நாம் எத்தனை கதையில் எழுதியிருக்கிறோம்? கருணைக்கு விசாரணை அவசியம் என்ற எண்ணம் தாலுகா அலுவலகத்தில் மட்டும் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள நமக்கு யோக்யதை இல்லை.

நானும் இங்கே அதைத்தான் செய்திருக்கிறேன். கம்மலைக் கொடுத்த பெண்ணைச் சொன்னால்தான் நீங்கள் நம்புவீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை.

அவருடைய படிவத்தில் அந்த இரண்டு நாளை நான் எழுதவில்லை. ஆறு வருஷம் என்று எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சரியா தம்பி என்று கேட்டார். சரிம்மா என்றேன். அதற்கப்புறம் அவர் எங்கள் கிளைக்கு வரவில்லை. பணம் வந்ததா என்று தெரியாது. குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்தில் பணம் போன அந்த அம்மாள் மாதம் தவறாமல் வருகிறார். வரவான அன்றைக்கே முழுசாக எடுத்துவிடுகிறார். ஒரு ரூபாயைக்கூட எங்களிடம் விட்டுவைப்பதில்லை.